குளியலறையில் இருந்த கம்ப்யூட்டர்

அடையாறில் மொட்டை மாடியில் ஓர் ஒற்றை அறை எடுத்துத் தனியாக வந்தபோது, ஆபீசுக்குப் பக்கம் என்று வீட்டில் சொன்னேன். உண்மையான காரணம் சத்தம். நொச்சிக்குப்பத்தில் எங்கள் வீட்டில், விடிவதற்கு முன் அம்மா மீன் எடுக்கக் கிளம்புவதில் தொடங்கி, பக்கத்து வீட்டு டிவி அணைவது வரை ஒரு முழு நிமிஷம் மௌனமாக இருக்காது. மைக் முன்னால் உட்கார எனக்கு அந்த ஒரு நிமிஷம் வேண்டியிருந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனதும், காலேஜ் முடித்ததும் நான்தான் முதல். அதை நான் மறந்ததில்லை, மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை. என் தோழி எட்டாவதோடு நிறுத்தியவள். இருவரும் சின்ன வயதிலிருந்தே கோயில் பாடகர் குழுவில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடியவர்கள். வளர்ந்த பிறகு நாங்களே பாட்டுக் கட்டினோம். வரிகளை நான் எழுதுவேன், மெட்டு அவள் வாயில் வரும். அப்படி ஐந்து பாட்டு சேர்ந்திருந்தது. அந்த நேரத்தில் அவளுக்குக் குவைத்தில் ஒரு வீட்டு வேலை அமைந்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம். பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பியது நான், ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டியதும் நான்.

அவள் போவதற்குள் அவள் குரலை மட்டுமாவது பதிந்து வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். துணைக்குரல்கள், கீபோர்டு, தாளம் எல்லாவற்றையும் பிறகு நான் ஒவ்வொன்றாகத் தனித்தனி ட்ராக்கில் சேர்ப்பேன். அவள் திரும்பி வரும்போது ஐந்து பாட்டும் முடிந்திருக்கும்.

அதற்கு ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். ஏதோ ஆபீசில் கழித்துக் கட்டிய பழைய பெட்டி ஒன்று ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைத்தது. அதில் ஹார்டு டிஸ்க் மட்டும் இல்லை. எந்த டிஸ்க் வாங்குவது என்று மதிய இடைவேளைகளில் சாப்பாட்டு டப்பாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வாரக் கணக்கில் படித்தேன். ஒரு குரல் ஒரு மணி நேரம் பாடினால் ஏறக்குறைய அரை ஜிபி ஆகும். பதினாறு ட்ராக் வைத்த பாட்டு என்றால், கேட்கும்போது பதினாறையும் டிஸ்க் ஒரே சமயத்தில் எடுத்துத் தர வேண்டும். அதே டிஸ்க்கில் கம்ப்யூட்டரும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பாட்டு நடுவில் விக்கும். அதனால் படித்த இடமெல்லாம் ஒன்றையே சொன்னது: சிஸ்டத்துக்கு ஒரு டிஸ்க், பாட்டுக்கு வேறு டிஸ்க்.

என்னால் ஒன்றுதான் வாங்க முடியும். சத்தமே போடாத சின்ன எஸ்.எஸ்.டி. வாங்கலாம், ஆனால் இடம் போதாது. சுற்றி ஓடும் பெரிய ஹார்டு டிஸ்க் வாங்கினால் இடம் தாராளம். நான் பெரியதைத் தேர்ந்தெடுத்தேன். அதைச் சி, டி என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டால் இரண்டு டிஸ்க் ஆகிவிடும் என்று நினைத்தேன். எங்கள் ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். முக்கியமானதை டி-யில் போட்டு வை, சி போனாலும் டி இருக்கும் என்பார்கள். சிஸ்டம் கெட்டு மறுபடி ஏற்றும்போது சி அழிந்து டி தப்பிப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே பார்த்தது கிடையாது.

கடைக்காரர் வயதான பாய். மேஜை மேல் டிஸ்க்கை வைத்துவிட்டு, சிஸ்டத்துக்குச் சின்னதாக இன்னொன்று போட்டால் நல்லது, இப்போது முடியாவிட்டால் அடுத்த மாதமாவது வாங்கிக்கொள் என்றார். எனக்குத் தெரியும், பிரித்துக்கொள்வேன் என்றேன். நான் சொன்ன தோரணை எனக்கே இன்றும் ஞாபகம் இருக்கிறது.

“படிச்ச புள்ள. உனக்குத் தெரியாததா,” என்றார் பாய்.

கூட வந்திருந்த தோழி என் தோளில் இடித்தாள். “எங்க குப்பத்துக்கே இவதான் பாய் கம்ப்யூட்டர்.”

இரண்டையும் நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பதிவு செய்தோம். கீழ் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கும் நேரம் அது. ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, அதன் மேல் போர்வையைத் தொங்கவிட்டு, வேர்த்துக் கொட்ட உட்காருவோம். முதல் நாளே ஹெட்போனில் ஒரு இரைச்சல் கேட்டது. நடுநடுவே கொறிக்கிற மாதிரி டிக் டிக் என்று வேறு.

“இன்னாடி, உள்ள எலி கீதா?” என்றாள்.

டிஸ்க் சுற்றுகிற சத்தம்தான் அது. அறையில் வேறு மூலை இல்லை. சிபியு பெட்டியைத் தூக்கிக் குளியலறையில் கவிழ்த்த பக்கெட் மேல் வைத்தேன். வயர்களைக் கதவுக்கு அடியில் விட்டு, கதவைச் சாத்தினேன். இரைச்சல் நின்றது. இதை எந்தப் புத்தகத்திலும் படிக்காமல் நானாகக் கண்டுபிடித்தேன் என்று எனக்குப் பெருமை. அவளுக்கு ஒரே சிரிப்பு. கம்ப்யூட்டருக்குத் தனி ரூம், மூணு பேர் படுக்கிற எங்க வீட்ல எனக்கு இல்ல என்றாள். சிரிப்பு அடங்கி அவள் பாடத் தொடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

மூன்று ஞாயிறுகளில் ஐந்து பாட்டையும் பாடிவிட்டாள். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அவள் பார்க்க டி-யில் இன்னொரு காப்பி போட்டு, “பத்திரம்” என்பேன். அவள் தலையாட்டுவாள். நான்காவது ஞாயிறு அவள் விமானம் ஏறினாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆபீஸ், அறை, ஞாயிறு மதியம். குழுவில் அவள் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள். நான் கோயிலுக்குப் போவது குறைந்து, பிறகு நின்றது. பதிவு வேலை இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டேன். வேலையும் இருந்தது. ஃபேனை நிறுத்திவிட்டு ஹெட்போனைப் போட்டால், முதல் வரிக்கு முன்னால் அவள் மூச்சு இழுப்பது கேட்கும். என் மூச்சையும் அதோடு சேர்த்து இழுத்து, அவளுக்குக் கீழே ஒரு குரல், மேலே ஒரு குரல் என்று பாடிச் சேர்ப்பேன். கடைசியில் கேட்டால் நாலைந்து பெண்கள் கூடிப் பாடுவது மாதிரி இருக்கும். ஹெட்போனைக் கழற்றினால் அறையில் நான் மட்டும் இருப்பேன்.

அவளுக்கு வெள்ளிக்கிழமைகளில்தான் பேச நேரம் கிடைக்கும். முடிஞ்சுதா என்று கேட்பாள். முடிந்தவரைக்கும் அனுப்பேன் என்பாள். நான் அனுப்பவில்லை. அரைகுறையாக இருப்பதை அவள் கேட்கக் கூடாது. கேட்டால் முழுசாகக் கேட்டு அசந்து போக வேண்டும்.

மழைக்காலம் வந்தது. குளிக்கும்போதெல்லாம் பெட்டியை வெளியே தூக்கி வைத்துவிட்டுத் தரையைத் துடைத்துத்தான் உள்ளே வைப்பேன். ஆனால் அந்த வாரங்களில் தரை காயவே இல்லை, சுவரெல்லாம் வேர்த்தது. ஒரு மாலை கதவுக்கு அந்தப்பக்கம் பல்லி சொல்வது மாதிரி ஒரு சத்தம், விட்டு விட்டு வந்தது. கம்ப்யூட்டர் திறக்கவில்லை. எனக்குப் பயம் வரவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். சி போய்விட்டது, டி இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு பாயிடம் போனேன். சி போய்விட்டது, டி-யை மட்டும் எடுத்து வேறு கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுங்கள் என்றேன். அவர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கேலி செய்கிறேனா என்று என் முகத்தையும் பார்த்தார்.

“ரெண்டும் இதுக்குள்ளதாம்மா இருக்கு. ஒரு வீட்ல நடுவுல செவுரு வச்ச மாதிரி. வீடே இடிஞ்சா ரெண்டு ரூமும்தான் போவும்.”

எங்கே வைத்திருந்தாய், இப்படித் துரு ஏறியிருக்கிறதே என்று கேட்டார். குளியலறையில் என்றேன். அவர் சிரித்திருக்கலாம். சிரிக்காமல், டிஸ்க்கை ஒரு துணியில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, அழிந்ததை மீட்கிறவர் ஒருவர் இருக்கிறார், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். இரண்டு வாரம் கழித்து அதே துணியில் திருப்பிக் கொடுத்தார். ஒன்றும் வரவில்லை.

சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரயில் ஏறினேன். கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கினால் குப்பம் பக்கம், அம்மா ரோட்டோரத்தில் மீனோடு உட்கார்ந்திருப்பாள். கதவு வரைக்கும் வந்து நின்றேன். இறங்கவில்லை.

தோழியிடமும் சொல்லவில்லை. அவள் அறிந்தவரை நான் தப்பே செய்யாதவள். அவள் வாழ்க்கையில் எழுத்தில் இருந்ததையெல்லாம் படித்துச் சொன்னவள். ஆறு வெள்ளிக்கிழமை, முடியப் போகிறது என்றே சொன்னேன். ஏழாவதில், பக்கத்து வீடுகளில் வேலை செய்கிற பெண்களிடம் என் பாட்டு வரப்போகிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன், எப்போது என்று கேட்கிறார்கள் என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சி, டி, பக்கெட், மழை, எல்லாம்.



“அப்போ இத்தினி நாளா பொய் சொல்லிக்கினு இருந்தியா?”

நான் டிஸ்க்கைப் பற்றி மறுபடி ஏதோ விளக்க ஆரம்பித்தேன்.

“டிஸ்க்கு போனா போவுதுடி. பாட்டு என் வாயிலதான கீது. என்கிட்ட ஏன் மறச்ச?”

போனை வைத்துவிட்டாள். மூன்று வெள்ளிக்கிழமை அழைப்பு வரவில்லை. நானாக அழைத்தாலும் எடுக்கவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு குரல் செய்தி வந்தது. ஒரு நிமிஷம் பத்து நொடி. கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. எங்கள் முதல் பாட்டு, ஆனால் வரிகள் இல்லாமல், வாயை மூடிக்கொண்டு முனகியது. குழந்தைகள் தூங்கும் அறைக்கு அடுத்த ஸ்டோர் ரூமில்தான் அவள் படுக்கிறாள். அங்கே வாய் திறந்து பாட முடியாது என்று போன புதிதில் சொல்லியிருந்தாள். பின்னால் ஏசியின் இரைச்சல். அந்த இரைச்சலைப் போனிலேயே நீக்கப் பார்த்தேன். நீக்க நீக்க அவள் குரலும் மெலிந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

பாயிடம் போய் இரண்டு டிஸ்க் வாங்கினேன். சிஸ்டத்துக்குச் சின்ன எஸ்.எஸ்.டி., பாட்டுக்குத் தனியாக இன்னொன்று. இந்தத் தடவை அவர் தானாக எதுவும் சொல்லவில்லை. வேறு என்ன செய்ய வேண்டும் பாய் என்று நான்தான் கேட்டேன். கேட்பதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு காப்பி அந்த வீட்டிலேயே வைக்காதே, வேறு வீட்டில் வை என்றார்.

எனக்கு இருக்கும் வேறு வீடு ஒன்றுதான். பென் டிரைவில் அவள் முனகலைக் காப்பி போட்டு, இந்த முறை கலங்கரை விளக்கத்தில் இறங்கினேன். அம்மா அதைப் புரட்டிப் பார்த்து, இன்னா இது என்றாள். அவள் பாட்டு என்றேன். இத்துனூண்டா என்று கேட்டுவிட்டு, ரேஷன் கார்டு இருக்கும் டப்பாவில் போட்டு மூடினாள். அன்றைக்கு அங்கேயே சாப்பிட்டேன்.

சிபியு இப்போது அறைக்குள்தான் இருக்கிறது. கொஞ்சம் இரைகிறது. போன ஞாயிறு மதியம் ஃபேனை நிறுத்திவிட்டு, அவள் முனகலுக்கு மேல் முதல் வரியைப் பாடினேன். இரண்டு இடத்தில் சுருதி விலகியது, ஓர் இடத்தில் வார்த்தை தடுக்கியது, கீழே யாரோ பாத்திரம் போட்டார்கள். திருத்தாமல் அப்படியே அவளுக்கு அனுப்பினேன். முடியவில்லை, இப்போதுதான் தொடங்கியிருக்கிறேன் என்று கீழே எழுதினேன்.

இரண்டு நீல டிக் உடனே விழுந்தது. பதில் வரவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. ஃபேனைப் போட்டுவிட்டு, பதிந்ததை இன்னொரு டிஸ்க்கிலும் காப்பி செய்தேன்.