பல்பு ஆறும் வரை

எழுபதுகளின் கடைசியில் நான் ஜமுனாமரத்தூரில் அரசு அலுவலராக இருந்தேன். அலுவலகத்துக்குப் பின்னால் காலியாகக் கிடந்த ஓர் அறையைச் சினிமாப் பொருட்காட்சியாக மாற்றினேன். கையால் சுற்றும் பழைய புரொஜெக்டர், மூடிப்போன டூரிங் டாக்கீஸ்களிலிருந்து கேட்டு வாங்கிய ஒலிபெருக்கிக் குழாய்கள், இடைவேளையில் காட்டும் கண்ணாடி சிலைடுகள், சுவரொட்டிகள். நடுவில், ஊர் ஊராகப் படம் காட்ட அலுவலகம் வைத்திருந்த பதினாறு மில்லிமீட்டர் புரொஜெக்டர். சந்தை நாளில் திறந்து வைப்பேன். மலைமேல் இப்படி ஒரு மியூசியமா என்று மேலதிகாரிகள் வியந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாமை சாகுபடி பற்றிய செய்திப்படம் ஒன்று அங்கே இருந்தது. இந்த மலையிலேயே எடுத்தது. அதில் ஒரு பெண் களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருப்பாள். திடீரென்று கேமராவைப் பார்த்துத் திட்டுவாள். வர்ணனைக் குரல் மேலே ஓடுவதால் அவள் பேச்சு கேட்காது. அவளும் அவள் கணவரும் சந்தைக்கு வந்தால் அதைப் போடச் சொல்வார்கள்.

“கேமராக்காரன் சாமைய மிதிச்சிட்டான் சார். அதுக்குத்தான் அந்தத் திட்டு,” என்பார் அவர்.

“அவன் மட்டுமா மிதிச்சான்? இந்த ஆளுந்தான் மிதிச்சாரு. வூட்டுக்குப் போனப்புறம் இவருக்கும் வுழுந்துச்சு,” என்பாள் அவள்.

பார்க்க வருகிறவர்களுக்கு நினைவாக ஒரு பிலிம் துண்டு கொடுக்கும் வழக்கத்தை நான்தான் உண்டாக்கினேன். பிள்ளைகள் அதை வெயிலில் பிடித்துப் பார்ப்பார்கள். ஒருமுறை ஓர் அதிகாரி உறவினர்களோடு வந்தபோது கொடுக்கத் துண்டுகள் இல்லை. சாமைப்படச் சுருளை எடுத்துக் கத்தரித்தேன். ஓரம் கிழிந்த சுருள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒட்டி ஓட்டக்கூடிய கிழிசல்தான். பிறகு வந்த சந்தை நாட்களில் மிச்சமும் போயிற்று.

மழைக்காலம் முடிந்து அவர் தனியாக வந்தார். மனைவி காய்ச்சலில் இறந்துவிட்டதைச் சொன்னார்.

“வூட்ல ஒரு போட்டோகூட இல்ல சார். அந்தப் படத்த ஒருக்கா போடுங்க. அவ வாய் அசையறதப் பாத்துட்டுப் போறேன். இன்னா சொல்றான்னு எனக்குத் தெரியும்.”

சுருள் இல்லை என்று சொல்ல நா எழவில்லை. “பல்பு போய்ட்டுது. மெட்ராஸ்ல இருந்து வரணும்,” என்றேன். அடுத்த சந்தைக்கு வந்தபோதும் அதையே சொன்னேன்.

அதற்கடுத்த முறை துணியில் சுற்றிய ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தார். மலைக்குக் கீழே படவேட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒரு டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டரைக் கெஞ்சி வாங்கிவந்த பல்பு. எங்கள் மெஷினுக்குப் பொருந்துகிற அதே பல்பு.

“இன்னிக்கி ஆட்டத்துக்குள்ள திருப்பிக் குடுத்துடணும் சார். இல்லாட்டி சனங்க அந்த ஆள அடிச்சே போட்டுடுவாங்க,” என்று சிரித்தார்.

அவருக்கு முதுகைக் காட்டி நின்று, பழுதே இல்லாத என் பல்பைக் கழற்றி மேசை டிராயருக்குள் போட்டேன். அவருடையதை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். சுவரில் வெள்ளையாக வெளிச்சம் விழுந்தது. அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். சுருளைத் தேடுவதுபோல் பெட்டிகளைக் கிளறினேன்.

“அதான் எரியுதில்ல சார், போடுங்க.”

அப்போதுதான் சொன்னேன், வெட்டிக் கொடுத்துவிட்டேன் என்று. பெட்டியின் அடியில் தப்பிக் கிடந்த ஒரு துண்டை நீட்டினேன். அதில் அவள் இருந்தாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

“நிக்குது சார்,” என்றார். “வாய் அசையல.”

துண்டை என் மேசைமேல் வைத்தார். “பல்பக் கழட்டிக் குடுங்க. பஸ்ஸு போய்டும்.”

தொட முடியாத சூடு. சூட்டோடு அசைத்தால் இழை அறுந்துவிடும், ஆறட்டும் என்றேன். இருவரும் உட்கார்ந்திருந்தோம். அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. எழுந்து வாசலைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார், மறுபடியும் உட்கார்ந்தார்.

டிராயரிலிருந்த பல்பை எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் பல்பு போய்விட்டதாகச் சொன்னதும் பொய் என்று தெரிந்துவிடும். பஸ் சத்தம் தேய்ந்து மறையும்வரை டிராயர்மேல் கையை வைத்தபடியே இருந்தேன்.

பிறகு அவர் பல்பைத் துணியில் சுற்றிக்கொண்டு மலைப்பாதையில் நடந்தே இறங்கினார். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் ஆட்டம் நடந்ததா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.