காலண்டரில் பட்டம் வாங்கியவள்

எங்கள் சிவகாசியில் அடுத்த வருடம் ஆடி மாதமே வந்துவிடும். ஆடிப் பதினெட்டு அன்று பூஜை போட்டு, வரப்போகிற வருடத்துக் காலண்டர் மாதிரிகளை ஆல்பமாகக் கட்டி வெளியிடுவார்கள். ஊர் உலகம் ஆகஸ்ட் மாதத்தில் இருக்கும்போது நாங்கள் அடுத்த தை மாதத்துக்கு முகூர்த்த நாள் சரிபார்த்துக்கொண்டிருப்போம். என் அப்பா பிரஸ் வைத்திருக்கிறார். காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள், சீசனில் கல்யாணப் பத்திரிகை. இப்படி எப்போதும் ஒரு வருடம் முன்னால் வாழ்ந்து பழகியவருக்கு, மகளும் வயதை முந்திக்கொண்டு ஓடினால் சந்தோஷம் வரத்தான் செய்யும். அவரை நான் குறை சொல்லவில்லை. கொஞ்சம் மட்டும் சொல்லப்போகிறேன்.

அப்பாவிடம் இன்னொரு குணம் உண்டு. எந்தத் தாளையும் புரூஃப் பார்க்காமல் வெளியே விடமாட்டார். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வந்தவரிடம் முதலில் ஒற்றுப்பிழையைக் காட்டிவிட்டு, பிறகுதான் துக்கம் விசாரிப்பார். பள்ளிக்கூடத்துக்கு நான் எழுதிய லீவு லெட்டரெல்லாம் அவருடைய சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் போயிருக்கின்றன. காய்ச்சலில் படுத்துக்கொண்டு அதே லெட்டரை மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

என் மேதைமை கண்டுபிடிக்கப்பட்ட கதையும் பிரஸ்ஸில்தான் ஆரம்பம். நாலு வயதில் எனக்கு விளையாட்டுச் சாமான் என்றால் கழிவாகிப்போன காலண்டர் தாள்கள்தான். எந்தத் தேதி சொன்னாலும் கிழமை சொல்லிவிடுவேன். மளிகைக்கடைக்காரர் மகளுக்குப் பருப்பு வகை தெரிகிற மாதிரி எனக்கு இது. ஆனால் ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்கு அது அதிசயமாகிவிட்டது.

“ஏ பாப்பா, வர்ற மார்ச் பதினேழு என்ன கெழம?”

சொல்வேன். நான் சொன்னது சரியா தப்பா என்று கேட்டவருக்குத் தெரியாது. அப்பா சுவரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். உடனே, “அண்ணாச்சி, இது லேசுப்பட்ட பிள்ள இல்ல. விட்றாதீக” என்பார்கள். அப்பா விடவில்லை.

பள்ளிக்கூடத்துத் தாளாளர் காதுக்கு விஷயம் போனது. ஒன்றாம் வகுப்பிலிருந்து நேராக மூன்று. ஐந்திலிருந்து நேராக ஏழு. இரண்டாம் வகுப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தாவலுக்கும் பள்ளி வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ். அதில் தாளாளர் படம் ஆள் உயரம், என் படம் ஆதார் அட்டை அளவு. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு வயது போதாது என்றபோது அப்பா ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி அனுமதி வாங்கிவந்தார். அதற்கும் ஒரு ஃப்ளெக்ஸ்.

வகுப்பில் எல்லாரும் என்னைவிட இரண்டு வயது மூத்த அக்காமார்கள். என் கன்னத்தைக் கிள்ளுவார்கள், கணக்கைப் பார்த்து எழுதிக்கொள்வார்கள், ஏதாவது ருசியான பேச்சு ஆரம்பித்தால், “ஏய், சின்னப்பிள்ள இருக்கு” என்று நிறுத்திவிடுவார்கள். தெருவில் என் வயதுப் பிள்ளைகளிடம் போனால், “நீங்கெல்லாம் பெரிய படிப்பு” என்று விளையாட்டில் சேர்க்கமாட்டார்கள். எனக்கு அழுகை வரும். ஆனால் விருந்தாளிகள் முன்னால் கிழமை சொல்லிக் கைதட்டு வாங்கும்போது அந்த அழுகை மறந்துபோகும். கைதட்டு எனக்கும் பிடித்திருந்தது. அதை மறைப்பானேன்?

பதினைந்து வயதில் பிளஸ் டூ முடித்தேன், கணக்கில் முழு மதிப்பெண். வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடக் கணிதப் படிப்பு இருந்தது. வயது குறைந்த பிள்ளைகளையும் நேரில் பார்த்துப் பேசிச் சேர்த்துக்கொள்வார்கள். ஹாஸ்டலில் தங்க வேண்டும். நான் அதற்குத் தயாரா என்பது ஊர் விவகாரமாகிவிட்டது. ஜோசியர் குரு உச்சத்தில் இருப்பதாகச் சொன்னார். ஆமத்தூரிலிருந்து வந்த பெரியப்பா, “படிச்சிட்டு சீக்கிரமே வந்துருவா, சீக்கிரமே கட்டிக் குடுத்துரலாம்” என்று இன்னொரு கணக்குப் போட்டார். அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“அங்கன இவளுக்கு யாரு சட பின்னிவிடுவா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் காலை அம்மா முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நேர்முகத்தில் மூன்று பேராசிரியர்கள். ஒரு மணி நேரம் கணக்காகக் கேட்டார்கள். பயமே இல்லை, பதில் சொல்லச் சொல்ல உற்சாகமாக இருந்தது. முடிந்ததும் அப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள். நடுவில் இருந்த அம்மையார் என்னிடம், “இங்கே வந்து படிக்க உனக்கு விருப்பமா?” என்று கேட்டார். அன்றைக்குக் கேட்டதிலேயே எளிதான கேள்வி அதுதான். நான் அப்பாவைப் பார்த்தேன்.

“ரொம்ப ஆச மேடம்” என்றார் அப்பா.

அந்த அம்மையார் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தின் கடைசித் தாளை எடுத்து என்னிடம் தந்தார். ‘நான் ஏன் இங்கே படிக்க விரும்புகிறேன்’ என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே முழுவதும் வெற்றிடம். “கணக்கில் எங்களுக்குத் திருப்தி. இதை மட்டும் நீயே, யாரிடமும் கேட்காமல் எழுதி ஆகஸ்ட் முடிவதற்குள் அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வோம்” என்றார்.

அப்பா காதில் ‘திருப்தி’ என்ற ஒரு சொல் மட்டும்தான் விழுந்தது. ஊர் திரும்பும் வழியில் சாத்தூர் வருவதற்குள் பதினோரு பேருக்குப் போன் போட்டுவிட்டார்.

அந்தத் தாளை நான் கணக்கு நோட்டுக்குள் வைத்திருந்தேன். தினமும் எடுப்பேன், பார்ப்பேன், உள்ளே வைப்பேன். கணக்கு பிடிக்கும் என்று எழுதலாம். அது உண்மைதான். ஆனால் கணக்கு எங்கள் வீட்டிலும்தான் இருந்தது. அங்கே போனால் மறுபடியும் அக்காமார்கள், மறுபடியும் கன்னத்தைக் கிள்ளுவார்கள். இந்தத் தடவை சாயங்காலம் திரும்பிவர வீடும் இருக்காது. இதை எழுதினால் அப்பா சிவப்புப் பேனாவை எடுப்பார். அதனால் எதையும் எழுதவில்லை. கேட்டபோதெல்லாம், “எழுதிக்கிட்டிருக்கேம்ப்பா” என்றேன்.

இடையில் ஒருநாள் என்னை ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் ஒரு கறுப்புக் கவுனை மாட்டிவிட்டார்கள். பட்டமளிப்பு விழாவுக்குப் போடுகிற கவுன். எனக்கு இரண்டு சாண் நீளம் கூடுதல். துணி காயப்போடும் கிளிப்புகளால் முதுகுப்பக்கம் இழுத்துப் பிடித்தார்கள். தலையில் சதுரத் தொப்பி. வீட்டில் மாட்டுவதற்கு என்று நினைத்துக்கொண்டேன். அப்பா ஒரு படத்தை வீட்டில் மாட்டுவதற்காக மட்டும் எடுப்பவர் இல்லை என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆடிப் பதினெட்டு வந்தது. பூஜை முடிந்து, வாடிக்கையாளர்கள் முன்னால் அப்பா ஆல்பத்தைத் திறந்தார். வழக்கமாக முதல் தாளில் பிள்ளையார் இருப்பார். அன்றைக்கு நான் இருந்தேன். கவுன், தொப்பி, கையில் சுருட்டிய வெள்ளைக் காகிதம். மேலே தங்க எழுத்தில், ‘பதினைந்து வயதில் பல்கலைக்கழகம்!’ மருந்துக்குக்கூட ஓர் ஒற்றுப்பிழை கிடையாது. படத்துக்குக் கீழே வழக்கம்போல ஒரு வெள்ளைப் பட்டை, ஆர்டர் கொடுக்கிற கடைக்காரர் தன் பெயரைப் போட்டுக்கொள்வதற்கு.

எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்து அறையில் அதே காலண்டர் கட்டுக் கட்டாக மூட்டையாகியிருந்தது. ஆல்பத்துக்கு ஒரு தாள் மட்டும் அல்ல, மொத்தமும் அடித்து முடித்துவிட்டார். அச்சங்குளம் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் அண்ணாச்சி எனக்கு வலிக்கிற மாதிரி முதுகில் தட்டினார்.

“காலண்டரோட விடாதீக. நம்ம ராக்கெட் டப்பா லேபிளுக்கும் பாப்பா படத்தையே போட்ருவோம். சும்மா சர்ருனு போயிரும்.”

நான் அந்த வெள்ளைப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எந்தக் கடைப் பெயரும் வரலாம். பள்ளித் தாளாளர், ஜோசியர், பெரியப்பா, இப்போது ராக்கெட் அண்ணாச்சி. ஆளாளுக்கு என் கீழே பெயர் போட்டாயிற்று. வீட்டில் என் கணக்கு நோட்டுக்குள் இன்னொரு வெற்றிடம் இருந்தது. அதில் எழுத என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

“நான் போகலப்பா” என்றேன்.

யாருக்கும் காதில் விழவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். “எனக்குப் பயமா இருக்கு. நான் போகல.”

கைதட்டு நின்றது. அப்பா என்னைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார்.

“அச்சாயிருச்சேம்மா” என்றார்.

இன்றைக்கு இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அந்த ஒரு வார்த்தைக்காக அவர்மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, ராக்கெட் டப்பாவில் அடைத்திருந்தால் சாத்தூர் வரை சத்தம் கேட்டிருக்கும். அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன். அம்மா என்னை முன்னால் உட்காரவைத்தார். அன்றைக்கு இரண்டாம் தடவையாகச் சடையை அவிழ்த்துப் பின்னிவிட்டார்.

மறுநாள் காலை அப்பா வந்து அந்தத் தாளைக் கேட்டார். கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பினார். சட்டைப் பையில் சிவப்புப் பேனா இருந்தது. கை அங்கே போய்ச் சும்மா திரும்பிவந்தது. திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

“ஒண்ணுமே எழுதலையேத்தா. ரெண்டு மாசமா எழுதுறேன்னயே.”

“எழுத ஒண்ணும் வரலப்பா.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க திருத்துவீக.”

அப்பாவுக்கு அது வலித்தது. முகம் சுருங்கியது எனக்குத் தெரிந்தது. தாளை என்னிடமே திருப்பித் தந்துவிட்டு, “சரி. அடுத்த வருசம் பாப்போம். அப்பவும் வேணாம்னா வேணாம்” என்றார். பல்கலைக்கழகத்துக்கு அவரே கடிதம் போட்டார். அவர்களும் அடுத்த வருடம் வரட்டும் என்று பதில் எழுதினார்கள். அந்த அம்மையார் எதிர்பார்த்ததுதான் போலிருக்கிறது.

ஆனால் அச்சானது அச்சானதுதானே? அச்சுத் தொழிலில் பிழைக்கு வைத்தியம் ஒன்றுதான், மேலே ஒரு ஸ்டிக்கர். என் படத்தின் அளவுக்குப் பொருந்துகிற படம் பிரஸ்ஸில் ஒன்றே ஒன்று மிச்சம் கிடந்தது. ரோஜாப்பூவைப் பிடித்துக்கொண்டு பல் இல்லாமல் சிரிக்கும் கொழுகொழு குழந்தை. பைண்டிங் பகுதியில் வேலை பார்க்கும் அக்காமார்கள் வரிசையாக உட்கார்ந்து அதை என்மேல் ஒட்டினார்கள். நானும் போய் உட்கார்ந்து ஒட்டினேன்.

“ஒன்னய மறைக்க எம்புட்டுப் பசை தேவப்படுது பாரு” என்றார் ஒரு அக்கா. எல்லாரும் சிரித்தோம். யாரும் என்னைச் சின்னப்பிள்ளை என்று சொல்லிப் பேச்சை நிறுத்தவில்லை.

அந்த வருடம் விருதுநகரிலிருந்து சாத்தூர் வரை எந்தக் கடைக்குப் போனாலும் சுவரில் அந்தக் குழந்தை தொங்கியது. ‘பதினைந்து வயதில் பல்கலைக்கழகம்!’ என்ற தங்க எழுத்தை ஒட்டி மறைக்க யாருக்கும் தோன்றவில்லை. பல் முளைக்காத அந்தப் பிள்ளைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கடைக்காரர்கூடக் கேட்டதாகத் தகவல் இல்லை. நம் மக்கள் எப்பேர்ப்பட்ட மேதையையும் நம்புவார்கள்.

அந்த ஒரு வருடத்தில் நான் ஒன்றும் சாதிக்கவில்லை. சடை பின்னக் கற்றுக்கொண்டேன். முதல் மாதம் கோணல், பிறகு பரவாயில்லை. விருதுநகர் நூலகத்துக்குத் தனியாகப் போகிறேன் என்று கிளம்பி, பராக்குப் பார்த்துக்கொண்டு பாதி வழியில் ஆமத்தூரிலேயே இறங்கிவிட்டேன். பெரியப்பாவுக்குப் போன் போட எடுத்து, போடாமல், அடுத்த பஸ் எது என்று ஒரு ஆளிடம் கேட்டு ஏறினேன். தெருப் பிள்ளைகளிடம் போய் நானே என்னை விளையாட்டில் சேர்த்துக்கொண்டேன். எறிபந்தில் தினமும் தோற்றேன். இன்னும் கணக்குப் படிக்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மறுபடியும் ஆனி மாதம், மறுபடியும் அதே விண்ணப்பம். பிரஸ்ஸில் அப்பா வெளியே உட்கார்ந்திருந்தார், நான் உள்ளே எழுதினேன். பக்கம் நிறைந்து பின்பக்கமும் போனது. உறையில் போட்டேன், ஆனால் ஒட்டவில்லை. எடுத்துக்கொண்டுபோய் அப்பாவிடம் நீட்டினேன். வேண்டுமானால் பார்க்கட்டும் என்றுதான்.

அப்பா உறையைக் கையில் வாங்கினார். வழக்கம்போல மூக்குக் கண்ணாடியைப் போட்டார். பிறகு கழற்றி வைத்துவிட்டு, மேசையிலிருந்த பசையை எடுத்து, உறையின் வாயை நன்றாக அழுத்தி ஒட்டினார். அந்தப் பிரஸ்ஸிலிருந்து புரூஃப் பார்க்காமல் வெளியே போன தாள் அது ஒன்றுதான்.