‘வெளிக்கிடு’ என்றால் ஓடு என்று அர்த்தம்

என் மகளின் அணிப் பயிற்றுநருக்குத் தெரிந்த ஒரே தந்திரம் பந்தைப் பின்னால் அடிப்பதுதான். ஆஸ்திரேலியக் கால்பந்து அப்படி ஆடுகிற ஆட்டமா? நீள்வட்டப் பந்து, கையால் பிடிக்கலாம், தூக்கிக்கொண்டு ஓடலாம், பந்து வைத்திருப்பவரைக் கட்டிப்பிடித்து விழுத்தலாம். முன்னால் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே அடித்தால் ஆறு புள்ளி. கம்பத்தில் பட்டாலோ பக்கத்தால் போனாலோ ஒன்றே ஒன்று. மெல்பேணில் இருக்கும் தம்பி இவ்வளவையும் தொலைபேசியில் ஒரே பின்னேரத்தில் எனக்கு விளங்கப்படுத்திவிட்டான். இந்த மனிதருக்கு மட்டும் ஏறவில்லை.

அவர் டேனிஷ்காரர்; பாலர் பள்ளியில் வேலை. எவளாவது பந்தோடு முன்னால் பாய்ந்தால் போதும், “ரோலி! ரோலி!” என்பார். அமைதி, அமைதி என்று அர்த்தம். பிள்ளைகளும் அமைதியாகப் பந்தைப் பின்னால் அடிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தாதியர் படிப்புக்காக மகள் கோப்பன்ஹேகனில் அறை எடுத்துப் போன பிறகு, எங்கள் வீடு இருக்கும் ஹ்விடோவ்ரேயிலிருந்து ரயில் பிடித்துப் போய் அவளை நான் பார்ப்பது சனிக்கிழமை ஆட்டத்தில்தான். அதற்கும் ஆபத்து வந்தது. பயிற்றுநரோடு நான் டேனிஷில் சண்டை பிடித்த அன்று, “இன்னொருமுறை கத்தினால் வரவேண்டாம்” என்றுவிட்டாள். அதையும் டேனிஷில்தான் சொன்னாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டேனிஷில் பதில் சொல்லுவாள். இருபது வருடமாக எங்கள் வீட்டுக் கதை அப்படித்தான்.

டேனிஷில் கத்தினால்தானே பிரச்சினை? அடுத்த ஆட்டத்தில் தமிழில் கத்தினேன். ஆருக்கு விளங்கப்போகிறது?

“பிள்ளை, இடப்பக்கம் ஆளில்லை! நீட்டி அடி!”

அடித்தாள். எதிரணியின் உயரமான தடுப்பாட்டக்காரி அங்கே முன்கூட்டியே நின்று பந்தைப் பிடித்தாள். “வலப்பக்கம்!” என்றேன். அங்கேயும் அவள்தான். மூன்றாம் முறை பந்தைப் பிடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“சூப்பரா சொல்லித் தர்றீங்க அங்கிள். தேங்க்ஸ்!”

அட கடவுளே, அசல் சென்னைத் தமிழ்! கணினி வேலைக்கு வந்தவளாம். இவளெல்லாம் இந்த விளையாட்டுக்கு வருவாள் என்று நான் கனவா கண்டேன்?

சரி, சென்னைக்காரிக்கு விளங்காத தமிழ் என்னிடம் இல்லையா என்ன? கடைசி நிமிடம். இரண்டே புள்ளி பின்னால் நிற்கிறோம். பந்து மகளின் கையில், முன்னால் ஒரு குருவிகூட இல்லை. பயிற்றுநர் ரோலி ரோலி என்கிறார். நான் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்:

“உதிலை நிண்டு மினக்கெடாதை பிள்ளை! வெளிக்கிடு! கெதியா வெளிக்கிடு!”

நின்று நேரத்தை வீணாக்காதே, சீக்கிரம் ஓடு என்றுதான் சொன்னேன். சென்னைக்காரி திகைத்து நின்றாள். வென்றேன் என்று நினைத்தேன். பார்த்தால் என் மகளும் நிற்கிறாள். பள்ளிக்கூட நாட்களில் காலைதோறும் நாங்கள் அவளிடம் சொன்ன சொல் அது. உடுப்பு மாற்று, நேரமாச்சு, புறப்படு. அவளுக்கு அந்த ஒரு அர்த்தம்தான் தெரியும்.

“இப்பவே வீட்டுக்குப் போகிறோமா?” என்று டேனிஷில் கேட்டாள். “ஆட்டம் முடியவில்லையே, அப்பா!”

சென்னைக்காரி அவளைக் கட்டிப்பிடித்து விழுத்தினாள். தோற்றோம்.

மகள் என் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை. இனிச் சனிக்கிழமை இல்லை என்று நினைத்தேன். பயிற்றுநர்தான் ஒரு வெள்ளை அங்கியோடு வந்தார். கோல் நடுவருக்கு ஆள் இல்லையாம். கம்பத்துக்குப் பின்னால் நிற்கவேண்டும். கோலுக்கு இரண்டு விரல், ஒற்றைப் புள்ளிக்கு ஒரு விரல். வாய் திறக்கக்கூடாது.

“உங்கள் மகளின் யோசனை” என்றார்.

அடுத்த முறை அதே அணியோடு ஆட்டம். வெள்ளை அங்கியில் வாயை மூடிக்கொண்டு நின்றேன். அந்தப் பாடு எனக்குத்தான் தெரியும். மகள் ரோலியைக் காற்றில் விட்டு ஓடிவந்து ஒரு அடி அடித்தாள் பாருங்கள், பந்து நடுவால் சீறிக்கொண்டு போனது. எல்லாரும் துள்ளினார்கள். ஆனால் கம்பத்தில் ‘டொக்’ என்று லேசாக உரசியது எனக்குக் கேட்டது. என்ன செய்ய? ஒரு விரலை உயர்த்தினேன்.

அவள் நேரே என்னிடம் ஓடிவந்தாள்.

“அப்பா! உங்களுக்கென்ன விசரோ? அது கோல்! கண்ணைத் திறந்து வடிவாப் பாருங்கோ!”

எனக்குப் பைத்தியமோ என்று கேட்கிறாள்; அதில் ஒரு டேனிஷ் சொல் இல்லை. நான் கத்துகிற மாதிரியே அச்சொட்டாகக் கத்தினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. விரலை இறக்கவில்லை.

“விசர்னா என்ன அங்கிள்?” என்று சென்னைக்காரி கேட்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பயிற்றுநர் மகளை நோக்கி “ரோலி! ரோலி!” என்று கையை ஆட்டினார். விடும் ஐயா, பிள்ளை இன்னும் கொஞ்சம் கத்தட்டும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. நடுவர் வாய் திறக்கக்கூடாதாமே.