தகட்டில் கீறிய என் முகம்

காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது கடைவாய் வழியே தானாக ஒழுகியது. அதுதான் தொடக்கம். முந்தின நாள் பனியில், கடலூரிலிருந்து பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்திருந்தேன். தயிர் கொண்டுவரும் அஞ்சலை என் முகத்தைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டாள்.

“பனிக்காத்து அடிச்சிருக்கு டீச்சரு. காதைக் கட்டிக்கினு வரக்கூடாதா? மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்களை மூடச் சொன்னார். இடது கண் மூடியது. வலது கண் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. முகவாதம் (முகத் தசைகளை இயக்கும் நரம்பு வீங்கி, ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார். பக்கவாதம் இல்லையே என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டேன்.

“இல்லம்மா. பெரும்பாலும் சரியாயிடும், ஆனா மெதுவாத்தான். கண்ணை மட்டும் காயவிடாதீங்க.”

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். மற்றதெல்லாம் காத்திருக்கும், கண் காத்திருக்காது. அதிலும் எங்கள் நெய்வேலியில் நிலக்கரித் தூசு கேட்காமலே வந்து உட்காரும். என் கணவர் எந்த ஷிஃப்ட் என்றாலும், நான் படுக்குமுன் சொட்டு மருந்து விட்டு இமையை இழுத்து பிளாஸ்திரி ஒட்டுவார். சுரங்கத்தில் ராட்சத எந்திரங்களைக் கழற்றி மாட்டுகிற கை அது. என் இமைக்கு மட்டும் பிளாஸ்திரியை இரண்டு முறை அளந்து பார்த்து வெட்டும்.

மாத்திரை, மின் தூண்டல் (லேசான மின்சாரத்தால் தசையைத் துடிக்க வைப்பது), பலூன் ஊதுவது என்று மாதங்கள் போயின. சித்திரை வந்தபோது கண் மூடியது. வாய் மட்டும் இடது பக்கம் கொஞ்சம் இழுத்தே நின்றது. ‘ப’வும் ‘ம’வும் உதட்டில் நிற்காமல் காற்றாகப் போயின. மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறவள் நான். அந்த வயதுப் பிள்ளைகள் நம் நடையையே நடித்துக் காட்டும், வாயை விடுமா? ஜூனில் பள்ளி திறந்ததும், வகுப்பு வேண்டாம், நூலகத்தில் போடுங்கள் என்று கேட்பதாக முடிவு செய்திருந்தேன்.

“ஒண்ணுமே தெரியல. நீ பாட்டுக்கு கிளாஸுக்குப் போ” என்பார் கணவர்.

சாம்பாரில் உப்பு இல்லையென்றால் விருந்தாளி முன்னாலேயே சொல்லிவிடுகிற மனிதர். எனக்காகப் பொய் சொல்லக் கற்றுக்கொண்டார் என்று நினைத்தேன். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

சென்னையில் ஓவியம் படித்துக்கொண்டிருந்த தம்பி சேகர், லீவுக்கு வந்தபோது என்னை எட்சிங் (மெழுகு பூசிய தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தில் ஊறவைத்து, மையேற்றித் தாளில் எடுக்கும் படம்) செய்ய வேண்டுமென்றான். முடியாது என்றேன். வெண்டைக்காய் நறுக்கும்போது எதிரில் உட்கார்ந்து கீறிக்கொண்டுபோய்விட்டான்.

மே கடைசியில் படத்தோடு வந்தான். என் கணவர் வாங்கிப் பார்த்தார்.

“என்ன மாப்ள, வாயை இவ்வளவு கோணலாப் போட்டிருக்க? உங்க அக்கா இப்படியா இருக்கா?”

“தகட்டுல கீறினது தாள்ல இடம் வலம் மாறி விழும் மாமா. அக்கா கண்ணாடியில பாக்கிற முகம் இதுதான்.”

எட்டிப் பார்த்தேன். அவளேதான். தினமும் கதவைச் சாத்திக்கொண்டு நான் மட்டும் பார்த்துவந்த பெண். தளர்ந்த கன்னத்துக்கு நாலைந்து கோடுகள்தான் போட்டிருந்தான், அவ்வளவு பிரியமாக. கடைசியில் வீட்டில் மற்றவர்களும் அவளைப் பார்த்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கணவருக்குப் பொறுக்கவில்லை. படத்தை எடுத்துக்கொண்டுபோய் பீரோ கண்ணாடி முன் பிடித்தார். முகம் திரும்பி விழுந்தது.

“இங்க பாரு, இப்ப சரியா இருக்கு. இதுதான் நம்ம டீச்சரம்மா.”

பார்த்தேன். கோணல் பக்கம் மாறியிருந்ததே தவிர, ஒரு நூல்கூடக் குறையவில்லை. அவரோ நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். முழுக்கத் தொங்கிய நாளிலிருந்து அந்த முகத்தைக் கிட்டத்தில் குனிந்து பார்த்துவந்தவர். மிச்சமிருந்த கோணல் அவர் கண்ணுக்கு என் முகமாகவே ஆகிவிட்டிருந்தது.

“அப்ப நீங்க பொய் சொல்லலையா?”

“என்ன பொய்?” என்றார்.

நூலகம் கேட்கவில்லை. ஜூனில் வகுப்புக்குப் போய் வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். ‘பத்மாவதி’ என்றபோது ‘ப’ பாதி காற்றாகப் போனது. “உள்ளேன் டீச்சர்” என்று குரல் வந்தது.

பனிக்காலத்தில் இப்போதும் வலது கன்னம் இறுகுகிறது. மார்கழி வருவதை நாள்காட்டிக்கு முன்னால் அது சொல்லிவிடுகிறது. படம் பீரோவுக்கு எதிர்ச் சுவரில் இருக்கிறது. ஆணி அடித்தவர் அவர். காலையில் சேலை கட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் முன்னால் நான் பார்க்கும் முகம், தோளுக்குப் பின்னால் அவர் பார்க்கும் முகம். பின்னால் இருப்பதைப் பார்த்துத்தான் பொட்டு வைத்துக்கொள்கிறேன்.