குளவி கலைந்த நேரத்து இன்டர்வியூ

போன வருடம், வட்டகொடைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. அன்று மலையில் நான் இருந்தேன். எனக்குச் சற்றுக் கீழே அம்மாவும் இன்னும் சில பெண்களும் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா ஊரில் இல்லை, கொழும்பில் கடை வேலை. தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா லீவு. அவசரத்துக்கு ஆள் ஏற்றுகிற லொறியும் கொழுந்தோடு ஃபேக்டரிக்குப் போயிருந்தது.

எங்கள் குடும்பத்தில் கம்பஸ் வரை போன முதல் ஆள் நான். கணினிப் படிப்பு. கடைசி வருடத்தில் ஏதாவது ஒரு கம்பெனியில் பயிற்சி செய்தே ஆக வேண்டும். துறையில் இருப்பவர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள் என்று விரிவுரையாளர் சொல்லிக்கொண்டே இருப்பார். கூடப் படித்தவர்களுக்கு மாமா, சித்தப்பா என்று யாராவது கம்பெனிகளில் இருந்தார்கள். எனக்குத் தெரிந்த பெரிய ஆள் தோட்ட வேலையை மேற்பார்க்கிற எங்கள் கண்டாக்கு ஐயாதான்; அவருக்குத் தேயிலைதான் தெரியும். அதனால் இணையத்தில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதினேன். பலர் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார்கள். கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பெனியில் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த சிங்களப் பெண் ஒருவர் மட்டும், வீடியோவில் பேசலாம், சரிவந்தால் பயிற்சிக்கு எடுக்கிறேன் என்று பதில் போட்டார்.

நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடையாது, மேல் பாறையில்தான் பிடிக்கும். மேலே சட்டையும் டையும், கீழே சாரமும் அட்டைக் கடிக்குப் பயந்து காலில் பூசிய சவர்க்காரமுமாக ஏறினேன். பின்னால் தேயிலை தெரியக்கூடாதென்று போன் திரையில் ஒரு புத்தக அலுமாரிப் படத்தைப் போட்டுக்கொண்டேன்.

“ஏய், புது தொரை வந்திருக்காரு! குனிஞ்சு எடுங்கடி!” என்று கீழிருந்து ஓர் அக்கா கத்தினார்.

“வாய மூடு புள்ள. பேசப் போறான், ஏற்கனவே நடுங்கிக்கிட்டு நிக்கிறான்.” அது அம்மா.

உண்மைதான். அழைப்பு வந்ததும் ஆங்கிலத்தில் முதல் வாக்கியத்தையே மூன்று தடவை தொடங்கினேன். ஆனாலும் என் புரொஜெக்ட்டைப் பற்றிக் கேட்டபோது கொஞ்சம் தைரியம் வந்தது. அந்த நேரத்தில்தான் ஓடைப் பக்கத்து மரத்தில் தொங்கிய கூட்டின்மேல் ஒரு பருந்து பாய்ந்ததைப் பார்த்தேன். கிளையிலிருந்து கருப்பாக ஒன்று புகைபோல எழுந்து பெண்களை நோக்கி வந்தது.

திரையில் அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் எழுந்து, “குளவி! அம்மா, குளவி! படுங்க!” என்று அலறினேன்.

பெண்கள் இடுப்பில் சுற்றியிருக்கும் தடித்த படங்குத் துணியை அவிழ்த்துத் தலையோடு மூடித் தேயிலைக்கடியில் படுத்துவிட்டார்கள். அதுதான் வழக்கம். எனக்குக் கால் நகரவில்லை. பாறைமேல் தனியாக நின்றேன். அம்மா மட்டும் படுக்காமல் மேலே ஓடி வந்து, தன் படங்கை என்மேல் போர்த்தி, என்னைக் கீழே தள்ளி மேலே விழுந்தார். உள்ளே இருட்டு. வெளியே இரைச்சல். ஒவ்வொரு கொட்டுக்கும் அம்மாவின் உடம்பு துள்ளுவது எனக்குத் தெரிந்தது.

இரைச்சல் அடங்கி நான் வெளியே வந்தபோது அம்மாவின் முகமே மாறியிருந்தது. கண்கள் வீங்கி மூடிவிட்டன. மூச்சு விசில் மாதிரி வந்தது.

பாறையிடுக்கில் கிடந்த போனிலிருந்து யாரோ கூப்பிடுவது கேட்டது. அவர் இன்னும் லைனில் இருந்தார். அதுவரை ஆங்கிலத்தில் பேசியவர் சிங்களத்தில், “மல்லி, என்ன நடந்தது? எங்கே இருக்கிறாய்?” என்றார். தம்பி என்று கூப்பிடுவது போலத்தான் அது. எனக்கும் ஆங்கிலம் மறந்துபோனது. அழுதுகொண்டே சிங்களத்தில் தோட்டத்தின் பெயரையும் ரயில் ஸ்டேஷன் தாண்டித் திரும்பும் பாதையையும் சொன்னேன். அவர் இன்னொரு போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அவர்கள் சொல்வதை எனக்கும் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மாவைப் பேச வைத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

“அம்மா, பேசுங்கம்மா. ஏதாவது சொல்லுங்க.”

“டை கட்டுன தொரை... அழலாமாடா?” என்றார் அம்மா, இழுத்து இழுத்து. அதற்குப் பிறகு பேச்சு வரவில்லை. 

மற்றப் பெண்களும் நானும் அம்மாவைப் படங்கிலேயே வைத்து ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நாங்கள் போய்ச் சேரும்போதே ஆம்புலன்ஸ் வளைவில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார்.

அம்மா வீடு வந்த பிறகு அந்தப் பெண்மணி மீண்டும் அழைத்தார். பரிதாபத்துக்கு இடம் தரமாட்டேன், விட்ட கேள்வியிலிருந்து தொடங்குவோம் என்றார். தொடங்கினோம். பயிற்சி கிடைத்தது, பிறகு அங்கேயே வேலையும் கிடைத்தது. இப்போது எந்த மாணவன் எனக்கு எழுதினாலும் ஒரு வரியாவது பதில் போடாமல் என்னால் தூங்க முடிவதில்லை. தெரியாத ஒருவருக்கு எழுதிய நான்கு வரி எனக்கு வேலையும் தந்து அம்மாவையும் காப்பாற்றித் தந்திருக்கிறது. அதற்கு எங்கள் வீடு கொடுத்ததெல்லாம் அம்மா மலைக்குப் போகாத ஒரு வாரச் சம்பளம்.