வால்டருக்குக் கிடைத்த நான்கு நாள் லீவு

வால்டருக்கு ஐம்பத்து மூன்று வயது. முப்பத்தோரு வருடமாக டிரெய்லர் ஓட்டுகிறார். எண்ணூர்ப் பக்கத்துக் கிடங்கில் கண்டெய்னரை ஏற்றுவது, துறைமுகத்துக்குள் இறக்குவது, காலி வண்டியோடு திரும்புவது. ஓட்டுகிறார் என்பதைவிட வரிசையில் நிற்கிறார் என்பதுதான் சரி. பத்தடி நகர்த்தி நிறுத்த வேண்டும். கண் அசந்தால் பின்னாலிருப்பவன் ஹாரன் அடிப்பான். சாப்பாடு, ஷேவிங், ஜெபமாலை எல்லாம் அந்த கேபினுக்குள்ளேயே.

லீவு கிடைத்தாலும் ஸ்டீயரிங் அவரை விட்டதில்லை. அவர் மனைவி ரூத்தின் சொந்தத்தில் யாருக்குக் கல்யாணமானாலும், யாரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தாலும், ராயபுரத்தில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். வேளாங்கண்ணிக்கு ஏழு தடவை போயிருக்கிறார். ஏழு தடவையும் வேன் ஓட்டிக்கொண்டு. மற்றவர்கள் கடலில் குளிக்கும்போது அவர் வேனுக்கடியில் துண்டு விரித்துத் தூங்குவார்.

அதனால் போன வருடம் இலங்கைப் பயணம் என்ற பேச்சு வந்தபோது அவருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ரூத்தின் தம்பி ஜெரியின் மனைவி சாண்ட்ராவுக்கு வயிற்றில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து, பிழைத்து எழுந்தாள். படுக்கையில் கிடந்தபோது பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த, இலங்கையில் கோயில் கொண்ட மடு மாதா படத்தைத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள். பிழைத்தால் மடுவுக்கே வந்து மெழுகுவர்த்தி ஏற்றுவதாக வேண்டுதல். ஜெரி, சாண்ட்ரா, வால்டர், ரூத் என்று நான்கு பேர் போவதாக முடிவாயிற்று. வால்டர் அதுவரை விமானம் ஏறியதில்லை. கடல் தாண்டிய ஊரில் தன்னை யார் வண்டி ஓட்டச் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தார்.

ஜெரி பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை செய்கிறவன். எதையும் விசாரித்து, விலை பேசி, இரண்டு ரூபாய் குறைத்து முடிப்பதில் அவனுக்குப் பெருமை. டிக்கெட் போட்ட மறுநாளே வந்துவிட்டான்.

“மாமா, அங்க டிரைவரோட கார் எடுத்தா துட்டு ரொம்ப ஆவுது. வெறும் கார் எடுத்துக்கலாம். அங்கயும் நம்ம மாரியே லெஃப்ட்லதான் போறான். நீதான் கீறியே, அப்பறம் இன்னா?”

வால்டர் ரூத்தைப் பார்த்தார். அவள் அடுப்பைப் பார்த்தாள். “சரி, பாக்கலாம்” என்றார். அவர் ‘பாக்கலாம்’ என்று சொன்னால் எல்லோருக்கும் அது ‘ஆகட்டும்’ என்றே கேட்கும்.

நம் ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு அங்கே அப்படியே ஓட்ட முடியாது. முதலில் இங்கே ஆர்.டி.ஓ. ஆபீசில் சர்வதேச அனுமதி வாங்க வேண்டும். பிறகு அதைக் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் காட்டி, அந்த நாட்டு அனுமதிச் சீட்டு ஒன்றும் வாங்க வேண்டும். ஜெரி எல்லாவற்றையும் விசாரித்து எழுதியே கொடுத்துவிட்டான். வால்டர் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய் நின்றார். கையில் வந்த சின்னப் புத்தகத்தில் ஒட்டியிருந்த போட்டோவில்கூட அவர் கண்கள் பாதி மூடியிருந்தன.

செப்டம்பரில், மடுத் திருவிழாக் கூட்டம் ஓய்ந்த பிறகு போனார்கள். கொழும்பில் இறங்கிய மறுநாள் காலை, ஜெரி மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு போன் சிம் வாங்கப் போனான். வால்டர் மட்டும் அந்த அலுவலகத்துக்குள் போனார்.

அங்கேயும் வரிசைதான். ஆனால் உட்கார நாற்காலி இருந்தது. அவர் முறை வந்ததும், கவுண்டரில் இருந்த பெண் அவருடைய லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முடி நரைத்த, நிதானமான பெண். அவர் பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டாள்.

“பெரிய வாகனமெல்லாம் ஓடுறனீங்களோ?”

ஓடுவது என்று அவள் சொன்னது ஓட்டுவதைத்தான் என்று புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. “ஆமாங்க. டிரெய்லர். முப்பது வருசத்துக்கு மேல.”

“இங்க வேலைக்கோ வந்தனீங்கள்?”

“இல்லிங்க. மடு மாதா கோயிலுக்கு. லீவு போட்டுகினு வந்தேன்.”

அவள் சீட்டில் முத்திரை குத்திவிட்டு நிமிர்ந்தாள். “பிறகேன் லீவிலயும் நீங்களே ஓடுறீங்கள்?”

கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வால்டர் லைசென்ஸையும் சீட்டையும் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் ஜெரி காத்திருந்தான். “ஆச்சா மாமா?”

ஆச்சு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். “இல்ல ஜெரி. தர மாட்டேன்னுட்டாங்க” என்று வந்தது.

“இன்னாது? ஏன்?”

“என்னுது ஹெவி லைசென்ஸாம். காருக்கு ஒத்துக்க மாட்டாங்களாம்.”

“அதெப்படி? லாரி ஓட்டுறவன் காரு ஓட்டக் கூடாதா? இரு, நான் போய்ப் பேசறேன்.”

“பேசிட்டேன்பா. கவுண்டர மூடிட்டு சாப்பிடப் போய்ட்டாங்க. வுடு.”

மணி பதினொன்றுகூட ஆகவில்லை. ஆனால் வால்டர் பொய் சொல்வார் என்று ஜெரிக்குத் தோன்றவே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே கார்க் கம்பெனிக்குப் போன் போட்டான். ஒரு மணி நேரத்தில் டிரைவரோடு கார் வந்தது.

டிரைவர் பெயர் கிருஷ்ணப்பன். மலையகத்துக்காரர், தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் ஹட்டன் பக்கம். நாற்பது வயதிருக்கும். “ஏறுங்கண்ணே” என்று முன் கதவைத் திறந்துவிட்டார். வால்டர் இடது பக்க இருக்கையில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

முதல் ஒரு மணி நேரம் அவஸ்தையாக இருந்தது. எதிரே பஸ் வந்தால் அவருடைய வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. பின்னாலிருந்து ரூத், “கால இன்னாத்துக்கு ஒதச்சிகினே வர்ற? காருக்கு ஓட்டை போட்ரப் போற” என்றாள். கிருஷ்ணப்பன் சிரித்தார். “நீங்களும் டிரைவராண்ணே? கால் சொல்லுது.”

சிலாபம் தாண்டியதும் கால் அடங்கியது. வால்டர் ஜன்னல் பக்கம் திரும்பினார். தென்னந்தோப்புகள், சைக்கிளில் மீன் பெட்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள், ஒரு வீட்டு வாசலில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள். இத்தனை வருடத்தில் அவர் சாலையைத்தான் பார்த்திருக்கிறார், சாலைக்குப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்ததில்லை. புத்தளம் வந்தபோது தூங்கிப்போயிருந்தார். வாயைத் திறந்துகொண்டு, கழுத்து தொங்க, இரண்டு மணி நேரம். கிருஷ்ணப்பன் ரேடியோவை நிறுத்திவிட்டார்.

மடுவுக்கு இருட்டுவதற்குள் போய்விட்டார்கள். சாண்ட்ரா கோயில் வாசலிலேயே முழங்காலில் விழுந்து அழுதாள். யாத்ரீகர் விடுதியில் இரண்டு அறை எடுத்தார்கள். டிரைவருக்கு என்ன செய்வது என்று விடுதிக்காரர் கேட்டபோது, ஜெரி சத்தமாகவே சொன்னான்: “அவரு கார்லயே படுத்துப்பாரு. அவரால ஏற்கனவே நமக்குத் தண்டச் செலவு.”

வால்டருக்குச் சுருக்கென்றது. இன்னொரு அறை எடு என்று சொல்ல நினைத்தார். சொன்னால் பேச்சு லைசென்ஸுக்குத் திரும்பும். ஏன் தரவில்லை, யார் சொன்னது, என்னை ஏன் உள்ளே கூப்பிடவில்லை என்று ஜெரி ஆரம்பித்துவிடுவான். அறைக்குள் போய்ப் படுத்தார்.

விடியற்காலைப் பூசைக்குப் போகும்போது காரைப் பார்த்தார். கிருஷ்ணப்பன் இருக்கையைச் சாய்த்து, முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, கொசுவை அடித்துக்கொண்டிருந்தார். தூங்கினவர் மாதிரி இல்லை. வால்டர் டீ வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

“தூங்கலியா?”

“எங்கண்ணே. முந்தாநாள் நைட்டும் இல்ல. ஹட்டனுக்கு ஒரு பார்ட்டிய விட்டுட்டு நேரா உங்ககிட்டத்தான் வந்தேன். சீசன் இல்லாத மாசம். வர்றத விட முடியாதுல்ல.”

பூசை முழுக்க வால்டருக்கு அந்தக் கொசுதான் காதில் ரீங்காரமிட்டது.

பத்து மணிக்குக் கிளம்பினார்கள். மறுநாள் காலை விமானம். அதற்கு முன் கொழும்பில் துணிக்கடைக்குப் போக வேண்டும் என்று ஜெரி அவசரப்பட்டான். அனுராதபுரம் தாண்டிப் புத்தளம் போகிற சாலை இரண்டு பக்கமும் காடு, நேர்க்கோடு மாதிரி. வெயிலில் கண் கூசியது. பின்னால் மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். வால்டர் மட்டும் சாலையைப் பார்க்காமல் கிருஷ்ணப்பனைப் பார்த்துக்கொண்டு வந்தார். கன்னத்தை அடித்துக்கொள்வது, ஜன்னலை இறக்குவது, தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொள்வது. ஒவ்வொன்றும் அவர் செய்து பார்த்ததுதான். அடுத்தது என்ன என்றும் தெரியும்.

கார் மெல்ல ஓரத்துக்கு இறங்கியது. சக்கரம் சரளைக்கல்லில் ஏறிய சத்தம் கேட்பதற்குள் வால்டரின் கை ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது. “பிரேக்கு! மெதுவா, மெதுவா…” கார் ஒரு மரத்துக்குப் பத்தடி முன்னால் நின்றது.

கிருஷ்ணப்பன் இன்ஜினை நிறுத்தினார். பின்னால் திரும்பி, “மன்னிச்சிக்கங்க சார். அரை மணி நேரம், அரையே மணி நேரம் கண்ண மூடிக்கிறேன்” என்றார்.

சாண்ட்ரா சிலுவை போட்டுக்கொண்டாள். ஜெரிக்குப் பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. “இன்னாய்யா நெனச்சிகினு கீற? சாவடிக்கப் பாத்துட்டு இப்போ தூங்கணுமா? துட்டு வாங்கறது தூங்கறதுக்கா? மூஞ்சக் கழுவிகினு வண்டிய எடு. நான் சாய்ந்திரம் கொழும்புல இருக்கணும்.”

கிருஷ்ணப்பன் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். வால்டர் அந்த முகத்தைப் பார்த்தார். பிறகு இறங்கி, காரைச் சுற்றிப் போய் அந்தப் பக்கக் கதவைத் திறந்தார்.

“நீ எறங்கு. அந்தப் பக்கம் போய்ப் படு. நான் ஓட்டறேன்.”

“கம்பெனியில கேட்டா நான் என்னண்ணே சொல்றது?”

“எங்கிட்ட பேப்பர் கீது.” சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினார். அவரிடம் காட்டினால் ஜெரியும் பார்ப்பான் என்று தெரிந்துதான் காட்டினார்.

கிருஷ்ணப்பன் இறங்கி இடம் மாறினார். வால்டர் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டு, கண்ணாடியைச் சரிசெய்தார். அதில் ஜெரியின் முகம் தெரிந்தது.

“மாமா,” என்றான் ஜெரி. “அந்த ஆபீஸ்ல குடுத்துட்டாங்களா?”

“குடுத்துட்டாங்க.”

“எங்கிட்ட பொய் சொன்னியா?”

“ஆமா.”

“எதுக்கு?”

வால்டர் காரைச் சாலைக்கு ஏற்றினார். “எனக்கு முடியலடா” என்றார். “வேற ஒன்னுமில்ல. முடியல.”

ஜெரி ஏதோ சொல்ல வந்தான். ரூத் அவன் முழங்காலில் கையை வைத்து அழுத்தினாள். கிருஷ்ணப்பன் பெல்ட்டைப் போட்ட கையோடு தூங்கிவிட்டிருந்தார்.

சிலாபத்துக்கு முன்னால் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். சிங்களத்தில் கேட்டார், பிறகு அரைகுறைத் தமிழில் கேட்டார். வால்டர் எல்லாவற்றையும் நீட்டினார். போலீஸ்காரர் சீட்டைப் படித்தார், போட்டோவைப் பார்த்தார், பக்கத்தில் வாய் பிளந்து தூங்குகிறவரைப் பார்த்தார். “இவர் யார்?”

“டிரைவர்” என்றார் வால்டர்.

போலீஸ்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காகிதங்களைத் திருப்பிக் கொடுத்து, போகலாம் என்று கை காட்டினார்.

கொழும்பில் துணிக்கடை திறந்துதான் இருந்தது. ஜெரி உள்ளே போகவில்லை. கணக்கு முடித்தபோது கிருஷ்ணப்பன் வால்டரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். “வூட்டுக்குப் போய் மொதல்ல தூங்கு” என்றார் வால்டர்.

அன்று சாயங்காலம் விடுதி அறையில் ரூத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். “அந்தப் பேப்பர நான் நேத்தே பாத்துட்டேன்” என்றாள். “மடுவுல. சட்டைய ஒதறும்போது.”

“ஏன் சொல்லல?”

“இன்னான்னு சொல்றது? கல்யாணமாயி இருவத்தஞ்சு வருசம் ஆச்சு. நீ கார்ல தூங்கி நான் பாத்ததே இல்ல.” மடித்த சட்டையை மறுபடி பிரித்து மடித்தாள். “நானும் ஒரு தபா உன்ன ஓட்ட வோணாம்னு சொல்லி இருக்கலாம்.”

ஊர் திரும்பி இரண்டு மாதம் ஜெரி பேசவில்லை. ராயபுரத்தில் பாதிச் சொந்தத்துக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. சிலர் சிரித்தார்கள். சிலர் இப்படியும் ஒரு மனுஷனா என்றார்கள். வண்டி ஓட்டக் கூப்பிடுவது மட்டும் குறைந்தது.

டிசம்பரில் ஒரு மதியம், எண்ணூர்ச் சாலை வரிசையில் அவர் நின்றுகொண்டிருந்தபோது ஜெரியின் போன் வந்தது. குரல் விறைப்பாகத்தான் இருந்தது.

“மாமா, புது வருசத்துக்கு வேளாங்கண்ணி போறோம். வேனுக்கு டிரைவர் சொல்லிட்டேன். நீ சும்மா வந்து குந்து.”

வால்டருக்குப் போக ஆசைதான். ஆனால் கம்பெனியில் இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், அந்த வாரம் லீவு கேட்க வழியே இல்லை.

“எனக்கு லீவு இல்லடா. அக்காவக் கூட்டிகினு போய் வா.” முன்னால் வண்டி நகர்ந்தது. அவரும் பத்தடி நகர்த்தினார். “ஜெரி, அந்த டிரைவருக்குப் படுக்க ஒரு ரூம் போட்டுக் குடு.”

“ம்” என்றான் ஜெரி.

ரூத் போய்விட்டு வந்த அன்று அவர் அதைத்தான் முதலில் கேட்டார். “குடுத்தான்” என்றாள் அவள், பையிலிருந்து பேரீச்சம்பழப் பொட்டலத்தை எடுத்து வைத்தபடி. “மூஞ்சத் தூக்கி வச்சிகினுதான் குடுத்தான். ஆனா குடுத்தான்.”

வால்டர் இரண்டு பழம் தின்றுவிட்டுப் படுக்கப் போனார். காலை நாலு மணிக்கு வண்டி எடுக்க வேண்டும்.