உள்ளங்காலில் ஒட்டிய கறுப்பு

கமுதிப் பக்கம் எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த சமயம். என் கணவரின் உள்ளங்காலில் கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. வலியில்லை, தேய்த்துக் கழுவியும் போகவில்லை. ராமநாதபுரத்தில் தோல் டாக்டரிடம் போனோம்.

அவர் வெளிச்சம் விழும் சிறு லென்ஸைக் காலில் வைத்துப் பார்த்தார். "ரேகையோட மேட்டுல கறுப்பு ஓடுது. புற்றுநோயிலயும் இப்படித் தெரியும். சாயம் ஏதும் பட்டுச்சா?"

"காட்டுல ஏது சாயம்?" என்றார் கணவர்.

எனக்குச் சுருக்கென்றது. அவர் கேலி செய்வாரென்று குளியலறையில் ரகசியமாகத் தலைக்கு டை அடிப்பவள் நான். தரையில் சிந்தியதை மிதித்திருக்கிறார். வெட்கத்தில் வாயே திறக்கவில்லை. மறுநாள் சதை எடுத்துச் சோதிக்க வரச் சொன்னார் டாக்டர்.

பஸ்ஸில் கணவர் மெதுவாக, "நான் இல்லாட்டியும் பழத்தச் செடியில வாட விட்டுறாத" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. "அங்கனயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

மறுநாள் டாக்டரிடம் டை விஷயத்தைச் சொன்னேன். அவர் சதை எடுக்காமல் மேல்தோலை மட்டும் சுரண்டி, மறுபடி லென்ஸில் பார்த்தார். கறுப்பு போயிருந்தது.

இப்போதெல்லாம் டாக்டர் கேட்கும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். டையையும் வாசலில் உட்கார்ந்து, கணவர் பார்க்கவே அடிக்கிறேன். அவர் கேலிதான் செய்கிறார். பஸ்ஸில் அவர் சொன்னதற்கு அது எவ்வளவோ தேவலை.